காலருக்குப் போடாமல் விட்ட ஊசி

அம்மா வேலை முடிந்து வீட்டுப் படியேறும்போதே ஸ்பிரிட் வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிடும். கை கழுவி, முகம் கழுவி, புடவை மாற்றி, எங்களுக்குக் காபி கலந்து கொடுத்த பிறகும் டம்ளரின் விளிம்பில் அது மெலிதாக ஒட்டியிருப்பதாக எனக்குத் தோன்றும். அரசு மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்தாள். நாய் கடித்து வருகிறவர்களுக்கு ஊசி போடும் அறையில்தான் பல வருஷம் வேலை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதை ‘நாய்க்கடி ரூம்’ என்றே சொல்வார்களாம். காலையில் கதவைத் திறக்கும் முன்பே பால் பாக்கெட் போடப் போனவரும் டியூஷனுக்குப் போன பிள்ளையும் கணுக்காலில் மஞ்சளையோ சுண்ணாம்பையோ அப்பிக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பார்களாம். நாள் முழுக்க அவர்களையே பார்த்துவிட்டு வருகிறவளிடம் நாய் வளர்க்கலாமா என்று கேட்கும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அப்பாவும் கேட்கவில்லை. நேராகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பா மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மைதானத்துச் சுவரோரம் கிடந்த குட்டியை வண்ணப்பெட்டி வைக்கும் ஜோல்னாப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் பட்டையாக வெள்ளை.

“ஃபாதர் மாதிரியே இல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

“நாய்க்குப் போய் ஃபாதர்னு பேர் வெச்சுட்டு ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போறது?” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வேண்டாம் என்று சொல்லாமல் பெயரைப் பற்றிப் பேசினாளே, அதுவே சம்மதம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். பாதிரியாரை விட்டுவிட்டு அவருடைய கழுத்துப்பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டதில் குட்டிக்குக் ‘காலர்’ என்று பெயர் வந்தது.

நாங்கள் இருந்தது மந்தைவெளிப் பக்கம், பறக்கும் ரயில் பாதைக்குக் கீழே ஓடும் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய வீட்டின் கீழ் ‘போர்ஷன்’. வீட்டுக்காரரான ஜெயா மாமி மாடியில் தனியாக இருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். காலரைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “உங்காத்தோட இருக்கட்டும். மாடிப்படி ஏற வேண்டாம்.” அம்மாவும் ஒரு நிபந்தனை போட்டாள். நாய்க்கு உண்டான எல்லா ஊசியும் காலத்தில் போடவேண்டும். ஒன்றை விட்டாலும் நாய் வீட்டில் இருக்காது.

அப்படித்தான் அடையாற்றில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போய்வர ஆரம்பித்தோம். ஒல்லியான, நிதானமான பெண்மணி. குட்டியைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயான பார்வோவுக்கும், நரம்பைப் பிடிக்கும் டிஸ்டெம்பருக்கும், எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து ஒரே ஊசி. அதை ‘நைன் இன் ஒன்’ என்றார்கள். வெறிநோய்க்கான ரேபிஸ் ஊசி தனி. சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடவேண்டியிருந்தது. காலர் முதல் தடவை கத்தியது, பிறகு பழகிவிட்டது.

ஒரு வயது முடிந்து ‘பூஸ்டர்’ போட்ட நாள்தான் எல்லாம் மாறியது. ஊசி போட்டுக்கொண்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆட்டோக்காரர் ஏறும்போதே, “இன்னா சார், நாயா? கெட்டியா புட்சிக்கினு ஒக்காருங்க, சீட்டு மேல ஏத்தாதீங்க” என்று சொல்லியிருந்ததால் அம்மா காலரை மடியில் வைத்திருந்தாள். பாலத்தில் ஏறும்போது அது முகத்தைத் தன் காலால் தேய்த்தது. பாலத்தின் நடுவில் பார்த்தால் மூக்கும் உதடும் வீங்கி, கண்கள் இடுங்கி, வேறு ஏதோ ஒரு நாயின் முகம். தொண்டையிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது.

“வண்டியத் திருப்புங்க” என்றாள் அம்மா.

“பிரிட்ஜி மேல எப்டிமா திருப்பறது?” என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்தவர், பாலம் இறங்கியதும் ஒடித்துத் திருப்பி, ஆரன் மேல் வைத்த கையை எடுக்காமல் கிளினிக் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். மாற்று ஊசி போட்டு, வீக்கம் மெல்ல வடிந்து, காலர் தண்ணீர் குடித்ததைப் பார்த்த பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள். வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் போகாமல் நின்றுகொண்டிருந்தார். “இன்னாச்சும்மா? நாயி நல்லா கீதா?” என்றார்.

அடுத்த வருஷம் ஊசிக்குரிய மாதம் நெருங்க நெருங்க வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. இனி ஒரு ஊசியும் வேண்டாம் என்பது அப்பாவின் கட்சி. அம்மா காலரையும் எங்களையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடமே போனாள்.

“ரேபிஸ விடவே கூடாது. அத வருஷா வருஷம் தனியாப் போட்டுடலாம்” என்றார் டாக்டர். “பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் குட்டியிலயும் ஒரு வயசுலயும் சரியாப் போட்டாச்சு. அதோட பலம் சில வருஷம் நிக்கும். மூணு வருஷத்துக்கு ஒரு தடவ போட்டாப் போதும். எலிக்காய்ச்சல் ஊசியும் தனியாக் கெடைக்கும், அதுலதான் யோசனை. அது ஒரு வருஷத்துக்கு மேல தாங்காது. அன்னைக்கு வீங்கினது பெரும்பாலும் அதாலதான் இருக்கணும். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

“எங்க தெருவுல மழைத்தண்ணி நிக்கும் டாக்டர். கால்வாய் பக்கம். எலியும் ஜாஸ்தி” என்றாள் அம்மா.

“அப்ப போடறதுதான் நல்லது. முன்னாடியே அலர்ஜிக்கு மருந்து குடுத்துட்டு, இங்கயே உக்கார வெச்சுப் பாத்துட்டு அனுப்புறேன். ஆனா மறுபடி வீங்காதுன்னு சத்தியம் பண்ண முடியாது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க.”

“வேண்டாம் டாக்டர்” என்றார் அப்பா உடனே. நானும் அவரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். நிபந்தனை போட்டவள் அவள். நோய் என்ன செய்யும் என்று தெரிந்தவளும் அவள்தான். சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் காலரின் கழுத்தைத் தடவிக்கொண்டே, “ரேபிஸ் மட்டும் போடுங்க டாக்டர்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார், “நீ விடமாட்டேன்னு நெனச்சேன், ஸ்டெல்லா.”

“மூச்சு விட முடியாம என் மூஞ்சியவே பாத்துச்சுங்க. மறுபடியும் நானே புடிச்சுக் குடுக்கவா?”

ஊசிக்குப் பதிலாகத் தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். எலிப்பொறி வைத்தாள். காலரின் தண்ணீர்க் கிண்ணத்தை முற்றத்தில் விடாமல் உள்ளே வைத்தாள். தூறல் விழுந்தால் அதற்கு வெளியே போக அனுமதி கிடையாது. போய்விட்டால் பாதங்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளே விடுவாள். ஐப்பசி அப்படியே கழிந்தது.

கார்த்திகையில் விடாமல் பெய்தது. ஒரு பிற்பகல், தெருவில் நின்ற தண்ணீர் வாசலைத் தாண்டும் என்று நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் பின்பக்கம் முற்றத்துச் சாக்கடை வழியாகக் கொப்புளித்து மேலே வந்தது. கறுப்பாக, எண்ணெய் மிதந்துகொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படிக்குள் நுழைந்தது. அப்பா அரிசி டப்பாவையும் என் புத்தகங்களையும் பரண் மேல் ஏற்றினார். அம்மா தூக்குவதற்குள் காலர் அந்தத் தண்ணீரில் இறங்கி, வயிறு நனைய அலைந்து, அப்பாவின் மிதக்கும் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு வந்துவிட்டது.

மாடிப்படியின் மேலிருந்து ஜெயா மாமி கூப்பிட்டார். “என்ன பாத்துண்டு நிக்கறேள்? மேல வாங்கோ.”

“காலர் இருக்கே மாமி” என்றாள் அம்மா.

“அதையும் சேத்துத்தான் சொல்றேன். கூட்டிண்டு வா.”

தண்ணீர் வடியும்வரை மாமியின் கூடத்தில் இருந்தோம். மாமி அதற்குச் சாக்குப் போட்டார். காலர் சாக்கை விட்டுவிட்டு அவருடைய ஊஞ்சலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. மொட்டைமாடிக் கதவைத் திறக்க முடியாத மழை. கூடத்துத் தரையிலேயே அது மூத்திரம் போனதையெல்லாம் அம்மாதான் துடைத்தாள்.

கீழே இறங்கி, சேற்றை வழித்து, வீடு காய ஆரம்பித்த நேரத்தில் காலர் சாப்பாட்டைத் தொடவில்லை. அப்புறம் வாந்தி எடுத்தது. அம்மா அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. அவள் எழுந்து முதலில் செய்தது என்னைக் கையைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோய் விட்டதுதான். “நான் சொல்ற வரைக்கும் இவனத் தொடக் கூடாது.”

டாக்டர் ரத்தம் எடுத்துக்கொண்டு, சோதனைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கினார். எலிக்காய்ச்சலாகத்தான் தெரிகிறது என்றும், சிறுநீர் வழியாக மனிதர்களுக்கும் வரலாம் என்றும் சொன்னார். அம்மாவுக்கு அது தெரியும். திரும்பி வந்ததும் மாமியிடம் சொல்லவேண்டும் என்றாள்.

“ரிப்போர்ட் வரட்டுமே. இப்பவே சொன்னா பயந்துடுவாங்க. நாய அனுப்பிடுங்கன்னு சொன்னா என்ன பண்றது?” என்றார் அப்பா.

“சொல்லட்டும். அவங்க வீட்டுத் தரையிலதான் இருந்துச்சு. வயசானவங்க. தெரியாம இருக்கக் கூடாது.”

அவள் மாடிக்குப் போனாள். நான் கீழ்ப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எதையும் குறைக்காமல் சொன்னாள். ஊசி ஒன்றைப் போடாமல் விட்டதையும் சொன்னாள்.

“நேக்கு வருமா?” என்று கேட்டார் மாமி.

“வரலாம் மாமி. எனக்கும் வரலாம், எல்லாருமே அந்தத் தண்ணியில நின்னோம். நாளைக்கு உங்களை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன், மாத்திரை குடுப்பாங்க. காய்ச்சல், உடம்பு வலின்னா உடனே என்னைக் கூப்பிடுங்க.”

பிறகு மாமியின் குரல், “அது பிழைக்குமோ?”

அம்மா அழும் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் யார் யாருக்கோ தைரியம் சொல்லிவிட்டு வருகிறவள். அதனால் முதலில் அது அழுகை என்றே எனக்குப் புரியவில்லை. “உக்காரு. மொதல்ல உக்காரு” என்று மாமி சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பின் முற்றத்து ஓரத்தில் தார்ப்பாய் கட்டிக் காலரைப் படுக்க வைத்தார்கள். அம்மா கையுறை போட்டுக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைக் கழுவுவாள். வேலைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் பென்சிலின் ஊசியை அவளே போடுவாள். அதை அடையாறு தூக்கிப்போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வருவது அப்பாவின் வேலை. ஒரு சாயங்காலம் அவர் தார்ப்பாய்க்கு அருகில் குந்தி உட்கார்ந்து, “நான்தான் வேண்டாம்னேன்” என்று சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. “நானும்தானே சொன்னேன்” என்றாள் அம்மா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கோபத்திலும் அவர்கள் அதை எடுத்ததில்லை.

எங்களில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. காலர் மெல்ல எழுந்தது. அது முதலில் வழித்துத் தின்றது, மாமி மாடியிலிருந்து ஒரு பழைய கிண்ணத்தில் போட்டு அனுப்பிய தயிர்சாதத்தை. என்னைத் தொட அனுமதித்தபோது அதன் முதுகெலும்பு விரலுக்கு அடியில் முடிச்சு முடிச்சாக இருந்தது.

மறு வருஷம் மழைக்கு முன்னால் அம்மாவே கேட்டு எலிக்காய்ச்சல் ஊசியைப் போடவைத்தாள். அலர்ஜி மருந்து முதலில், ஊசி பிறகு. கிளினிக் பெஞ்சில் மூவரும் காலரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். உதட்டோரம் லேசாகத் தடித்து, அப்படியே அடங்கியது. அப்பா எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அதிலிருந்து ஒவ்வொரு ஆவணியிலும் ரேபிஸும் எலிக்காய்ச்சலும்; மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மற்றவை. காலர் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு ஓர் ஆவணியில் வழக்கம்போல் அடையாற்றுக்குப் போனோம். அதற்குள் காலரின் முகவாய் நரைத்திருந்தது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வந்தது. டாக்டர் நெடுநேரம் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “இந்த வருஷம் ஊசி எதுவும் வேண்டாம்மா” என்றார்.

“ரேபிஸ் கூடவா டாக்டர்?” என்று அம்மா கேட்டாள்.

“அதுகூட வேண்டாம்.”

நாய்க்கடி ரூமில் பல வருஷம் இருந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. “சரி டாக்டர்” என்று சொல்லிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டாள். அந்த வருஷ மழையைக் காலர் பார்க்கவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் கீழே கார்கள் நிற்கும் அடுக்ககம் எழுந்து, சாக்கடைத் தண்ணீர் வந்தாலும் கார் சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. மாமி மகளோடு வெளியூர் போய் அங்கேயே காலமானார். அப்பாவும் போய்விட்டார். அடையாற்றுக் கிளினிக் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட துணிக்கடை. ஆதம்பாக்கத்தில் என் வீட்டில் ஒரு பழுப்பு நிறப் பெண்நாய் இருக்கிறது. அதற்கு ஊசி போடவேண்டிய நாளைக் கைபேசியே ஞாபகப்படுத்துகிறது. முழங்கால் வலியோடும் அம்மா கூடவே கிளம்பிவிடுகிறாள். இளம் டாக்டர் எந்த ஊசி எதற்கு என்று எங்களுக்குப் பொறுமையாக விளக்குகிறார். அவளும் புதிதாகக் கேட்பவள் போலக் கேட்டுக்கொள்கிறாள். போட்டு முடித்ததும் அவர், “அடுத்த வருஷமும் மழைக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துடுங்க” என்கிறார்.

“வரோம் டாக்டர்” என்று எனக்கு முன்னால் அம்மா சொல்லிவிடுகிறாள்.