அமுதவல்லி திரும்பப் பெற்ற திருத்தம்

திரிங்காப் மலைச் சாலையில் காய்கறி லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது அமுதவல்லியின் அண்ணன் போனில் அழைத்தார். “தங்கச்சி காலையில எழுந்திரிக்கல. மாரடைப்புன்னு சொல்றாங்க.” வண்டியைத் திருப்ப இடமில்லை. ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடந்தேன். மூன்று வாரமாகியும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தேயிலை ஆலை அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் கணக்கெழுதும் கிராணிகள். இந்த ஆலையைச் சேர்ந்த உங்களில் பலர் அவரைக் கொழுந்து எடை போடும் இடத்தில்தான் பார்த்திருப்பீர்கள். மதிய இடைவேளையில் அவர் செய்த வேலை வேறு. பழைய வானியலாளர்கள் சிறு தொலைநோக்கியில் பார்த்து “நெபுலா”, அதாவது விண்முகில், என்று பட்டியலிட்டவற்றில் சில, வெறும் விண்மீன்கள். நெருங்கி நின்றதால் புகைபோலத் தெரிந்தவை. அவற்றை இன்றைய வானப் படங்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார். இந்த மூடுபனியில் வானத்தை எங்கே பார்ப்பது? எல்லாம் கணினியில்தான்.

போன வருடம் ஒரு பதிவு வெறும் மூன்று விண்மீன்கள் என்று கண்டு, திருத்தங்களைத் தொகுக்கும் வெளிநாட்டு வானியலாளர் ஒருவருக்கு எழுதினார். அந்த வானியலாளர் ஏற்றுக்கொண்டார். அடுத்த திருத்தப் பட்டியலில் அமுதவல்லியின் பெயரோடு வரும் என்றார். பிரிஞ்சாங் டவுனில் கேக் வாங்கி அலுவலகம் முழுக்கக் கொடுத்தது நான்தான். அவரோ தம் துண்டைத் தின்னாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் என் மேசைக்கு வந்தார். “தப்பு பண்ணிட்டேன். நெபுலான்னு எழுதின அந்தப் பழைய ஆளு எந்த ஸ்டார்லேர்ந்து தூரத்த அளந்தாருன்னு நாந்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன். சரியா அளந்தா, கொஞ்சம் தள்ளி மங்கலா ஒரு கேலக்ஸி இருக்கு. அதத்தான் பார்த்திருக்காரு.” அந்தக் காலத்தில் கேலக்ஸி என்னும் விண்மீன் மண்டலத்தையும் நெபுலா என்றுதான் எழுதினார்கள்.

“விடு லா. யாருக்குத் தெரியப்போவுது?” என்றேன்.

“அவரு செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. தான் பார்த்தது சரிதான்னு எழுந்து வந்து சொல்லுவாரா?”

எனக்குக் கோபம். கேக் தின்றவர்களிடம் போய் என்ன சொல்வது? கணக்குத் தாளை நீட்டி, “ஒருதரம் நீயும் பாரு” என்றார். பார்க்கிறேன் என்றேன், பார்க்கவில்லை. அவர் தனியாகவே எழுதித் தம் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். அதன்பிறகு எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டுமே.

காரியம் முடிந்த மறுநாள் அந்தத் தாளை எடுத்தேன். நான்கு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேலக்ஸி அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. “சரியாத்தான் இருக்கு” என்று சொல்ல எழுந்தேவிட்டேன். பக்கத்து மேசையில் யாருமில்லை.

புதிய திருத்தப் பட்டியல் வந்துவிட்டது. அதில் அமுதவல்லி என்ற பெயர் இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் நினைவாக நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்.