உப்பில்லாப் பத்தியம்

எனக்குக் காக்கா வலிப்பு வந்தது பதினாறு வயதில், அறுபதுகளின் கடைசியில். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி உப்புத் தண்ணீர், உப்புக் காற்று, காயப்போட்ட கருவாடு. என் தட்டில் மட்டும் உப்பு கிடையாது. பெத்த நைனாவே நிறுத்திவிட்டார்.

இந்த மகா வைத்தியத்தைச் சொன்னவர் குப்பத்துப் பூசாரி. ஒரு வலை கிழிந்தால் முடிச்சுப் போடத் தெரியாது. என் மண்டைக்குள் நடப்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. "உப்பு சூடுப்பா. அது மண்டைக்கு ஏறிக்கினுதான் பொண்ணுக்கு இய்த்துக்குது. உப்ப நிறுத்து. கொடம் கொடமா தண்ணி குடிக்கச் சொல்லு" என்றார். காற்று மாறுவதை மூக்கால் கண்டுபிடிக்கிற நைனா, இந்த ஆள் முன்னால் பூம்பூம் மாடாகிவிடுவார். பெரியபாளையத்து அம்மனுக்கு என்னை வேப்பிலை கட்டி அழைத்து வருவதாக வேண்டுதல் வேறு.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் அது என் வயிற்றிலே. அந்தக் கஞ்சியைத் தெருநாய் முகர்ந்துவிட்டு நகர்ந்தது. எப்போதாவது வந்த வலிப்பு அடிக்கடி வந்தது. நான் விழுந்ததும் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஊரே ஓடிவரும். சாவி கொடுக்க அத்தனை பேர். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவருமில்லை.

ஒருநாள் விழுந்தவள் கண்ணே திறக்கவில்லை. அப்போதுதான் பயம் வந்து, மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நினைவு திரும்பிய பிறகு தலையெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். மிஷின் காகிதத்தில் அலை அலையாகக் கிறுக்கியது. டாக்டரம்மா அதை நைனாவுக்குக் காட்டினார். மூளையின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் நுண்ணிய கதவுகள் இருக்கின்றனவாம். உப்பிலுள்ள சோடியம் மின்சாரத்தைச் சுமந்து உள்ளே வரும், பொட்டாசியம் வெளியே போகும். அந்தப் போக்குவரத்தில்தான் செல்கள் தாளம் போடுகின்றன. வலிப்பின்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அடிக்கத் தொடங்கிவிடும்.

"அதுக்கு மாத்திரை இருக்கு. உப்பையும் நிறுத்தி, தண்ணியையும் ஊத்தினா நல்லா இருக்கறவங்களுக்கே வலிப்பு வரும். பெத்த பொண்ணைக் கொல்லப் பார்த்தீங்களா?"

நைனா மாத்திரைச் சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

மாத்திரையும் உப்பும் சேர்ந்ததும் வலிப்பு நின்றது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? பத்தியம் பலித்துவிட்டதாம்! பூசாரிக்குப் புது வேட்டி கிடைத்தது. மாத்திரை டப்பா மாடத்தில் எல்லார் கண்ணெதிரே இருந்தது. அது ஒரு குருட்டுக் கண்ணுக்கும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு வலிப்பு. என்னையே சாட்சியாகக் காட்டி அவளுக்கும் உப்பை நிறுத்தினார்கள். தொட்டால் சாமிக்குத்தம் என்று பூசாரி மிரட்டியும் வைத்தார். நேரே அவர்கள் வீட்டுக்குள் போனேன். அவள் தாய் குறுக்கே நின்றாள்.

"நீ மட்டும் பொயச்சிக்கினே. எம் பொண்ணு பொயைக்கக் கூடாதா?"

"பொயைக்கணும்னுதான் வந்துகீறேன். கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

தாயை ஒதுக்கிவிட்டுப் போய், கஞ்சியில் கல்லுப்பைப் போட்டுக் கரைத்துக் குழந்தையிடம் நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்தது. விரலால் பாத்திரத்தை வழித்து நக்கியது. பிறகு சாமி படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதோரம் வந்து கேட்டது:

"சாமி பாத்துச்சுன்னா மறுபடியும் என்னை இய்த்துக்குமாக்கா?"