கல்லா, பீங்கானா

அந்த வெள்ளைக் கத்தியைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவர் என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் பாவா என்போம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு வருஷம். அதற்கு முந்தின மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் இரும்புக் கத்தியைப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் கை நடுங்கும். திருத்தணி மலைக்கு வருகிற காவடிக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிற குடும்பம் எங்களுடையது; அதில் காய் நறுக்குவது என் வேலை. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் பேச்செடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அடுப்படியில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வேலைதான்.

பாவாவின் கத்தி பீங்கான்; கையில் இருப்பதே தெரியாது. வாழைக்காய் கறுக்காது, துருப்பிடிக்காது, வெங்காய வாடை ஒட்டாது. கனிந்த தக்காளியைக்கூட நசுக்காமல் சீவும். மாதக்கணக்கில் மழுங்கவில்லை. ஆனால் ரொம்பத்தான் செல்லம் அதற்கு. தட்டக்கூடாது, நெம்பக்கூடாது, கீழே விழுந்தால் போச்சு. சாணை பிடிக்கிறவர் அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் என் மாமியார். பீங்கானில் எலும்புத்தூள் கலக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவைத்ததிலிருந்து, ஒரு பீங்கான் கோப்பைகூட எங்கள் சமையலறை வாசலைத் தாண்டியதில்லை. எதில் செய்தது என்று அவர் கேட்டபோது, கல்லு அத்தை என்றேன். அம்மி கல், ஆட்டுக்கல் கல், புளிக்குழம்பு வைக்கிற சட்டியும் கல். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சாமர்த்தியம்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் பள்ளிப்பட்டிலிருந்து நெசவுக்காரர்கள் நாற்பது பேர் காவடி எடுத்து வந்தார்கள். மலையிறங்கி வந்து எங்களிடம்தான் சாப்பாடு. தேங்காய் அரைத்துவிட்ட பூசணிக்கூட்டு கொதித்து இறங்கியிருந்தது. கத்தியைக் கழுவும்போது பார்க்கிறேன், நுனியில் நகத்துணுக்கு அளவுக்குக் காணோம். மாமியாரைக் கேட்டேன். தேங்காயை ஓட்டிலிருந்து அதை வைத்துத்தான் நெம்பி எடுத்தேன் என்றார்.

வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தேங்காய், அதையும் அரைத்து ஊற்றியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்தி, அது பீங்கான், நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் குரலை உயர்த்தவில்லை. “கல்லுன்னு சொன்னியேம்மா. கல்லுன்னு நம்பித்தானே நெம்புனேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

கூட்டை மாட்டுக்குக்கூட வைக்காமல் கொல்லையில் குழி தோண்டிக் கொட்டினோம். காவடிக்காரர்கள் ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டார்கள். கூட்டு எங்கே என்று ஒருவர் கேட்டார். என்னால் கெட்டுப்போச்சுங்க என்றேன்.

கத்தி குப்பைக்குப் போயிற்று. கூலி ஆள் வரப்போகிறாள் என்றுதான் இருந்தேன். மறுநாள் காலை மாமியார் அரிவாள்மணையோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். காயில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆள் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை. ஆனால் நான் எதைச் சொன்னாலும், பால் காய்ச்சியாச்சு என்றாலும், பிறந்த வீட்டுக்குப் போய் நைனாவைப் பார்த்து வந்தேன் என்றாலும், “இது கல்லா, பீங்கானா?” என்பார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றிருக்கும்.

நாலைந்து வருஷம் கழித்து அவரை அரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வெளியே என்னிடம் சொல்லிவிட்டார். உள்ளே போய், சரியாயிடுச்சாம் அத்தை, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாங்க என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கல்லா, பீங்கானா?”

“கல்லுதான் அத்தை” என்றேன்.