ஏழாம் நம்பரின் தீனிப்பை

வியாழக்கிழமை மதியம் வார்டம்மாவின் வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கொல்லையில் இருக்கும் ஒன்பது கோழிகளும் நோய்வாய்ப்பட்டவை, திங்கட்கிழமைக்குள் அப்புறப்படுத்தாவிட்டால் கால்நடை அலுவலகமே வந்து பிடித்துச் செல்லும் என்று அதில் இருந்தது. ஒட்டிவிட்டுப் போன ஆய்வாளர் கொல்லைக்குள் காலே வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மதிலுக்கு வெளியே எக்கி நின்றார், செல்போனில் ஒரு படம் எடுத்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான் பரிசோதனை.

வார்டம்மா என்பது தெரு வைத்த பெயர். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. படுக்கை விரித்து, பேசின் கழுவி, நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்த கைகள். எந்த உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்தக் கைகளுக்கு முதலில் தெரியும், ஆனால் கட்டிலில் தொங்கும் சார்ட்டில் ஒரு கோடு போட அவருக்கு அனுமதி இல்லை. ஒருமுறை பதினாறாம் கட்டில்காரரின் பாதம் சில்லிட்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். "உன் வேலை தரை துடைக்கிறது" என்றார்களாம். சார்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலையில் கட்டில் காலி.

ஓய்வு பெற்றதும் கோழி வளர்த்தார். கோழிகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு நிறத்தில் நூல். மருந்துப் பெட்டியின் அட்டையை வெட்டி ஒன்பது சார்ட் செய்து கூண்டுக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். கொண்டை, கண், மூச்சு, எச்சம், தீனிப்பை என்று கட்டங்கள். தீனிப்பை என்பது கழுத்து முடிகிற இடத்தில், நெஞ்சோடு ஒட்டி, தின்றதெல்லாம் முதலில் போய்த் தங்குகிற பை. மாலையில் அது புடைத்திருக்க வேண்டும். காலையில் கூண்டு திறக்கும்போது தட்டையாகியிருக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது. இறகுக்குள் விரலை விட்டுத் தொட வேண்டும்.

தாளைப் படித்ததும் அவர் போட்ட சத்தம் என் மாடிவரை வந்தது.

"எட்டி நின்னு பாத்துட்டுப் போக அவன் என்ன நிலாவையா பாக்க வந்தான்? மூணாம் நம்பர் இறகு மாத்துது. வருஷத்துக்கு ஒருவாட்டி உதுத்துட்டுப் புதுசு போடும். அது நோயா? எங்க வீட்டுக்காரருக்குந்தான் தலையில ஒண்ணுமில்ல, அவரையும் திங்கக்கிழமை தூக்கிட்டுப் போயிருவானா?"

"என்னை எதுக்கும்மா இழுக்கிற?" என்றார் வீட்டுக்காரர். லாரி மெக்கானிக், அவசரப்படாத மனிதர். "விட்டுத்தொலை. கோழி போனா நான் காலையில ஏழு மணிவரைக்கும் தூங்கலாம்."

"நீங்க தூங்க என் ஒம்பது உசுரு போகணுமா? உங்க கொறட்டையத்தான் அவன் வந்து பரிசோதிக்கணும்!"

இரவெல்லாம் ஆறாமல் இருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் கோபத்தோடே கூண்டைத் திறந்து, மூன்றாம் நம்பரை மட்டும் மடியில் வைத்து இரண்டு முறை தடவிப் பார்த்தார். மற்றவற்றின் சார்ட்டில் மளமளவென்று டிக் விழுந்தது. தீனி போடவில்லை. மூன்றாம் நம்பரை ஒரு கூடையிலும், ஒப்பிட்டுக் காட்டுவதற்காக இருப்பதிலேயே அழகான ஏழாம் நம்பரை இன்னொரு கூடையிலும் வைத்தார். "தம்பி, ஒண்ணைத் தூக்கு" என்று என்னைக் கூப்பிட்டார்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட மேஜைக்குப் பின்னால் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"அம்மா, இதெல்லாம் இங்க கொண்டுவரக் கூடாது."

"நீங்க உள்ள வர மாட்டேன்னுட்டீங்க. அதான் அது வந்திருக்கு." மேஜைமேல் மூன்றாம் நம்பரை வைத்தார். "தொடுங்க தம்பி. கடிக்காது. றெக்கையச் சேத்துப் பிடிங்க."

ஆய்வாளர் அப்படியே பிடித்தார். வெறும் தோலில் புது இறகுகள் பேனா முனைகளாகக் குத்திட்டு நின்றன. தடவிப் பார்த்தவர் தலையாட்டினார்.

"புதுசு முளைக்குது."

"ஆங். இப்ப தீனிப்பை. இங்க. காலியா இருக்கா? நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் ஒண்ணும் குடுக்கல. ராத்திரி செரிச்சிருக்கு. நோய் வந்த உடம்பு இப்படிச் செரிக்குமா? இப்ப இதையும் பாருங்க" என்று ஏழாம் நம்பரை வைத்தார். பளபளவென்ற இறகு, சிவந்த கொண்டை. பார்க்கிறவர் கண் பட்டுவிடும் போலிருந்தது.

ஆய்வாளர் அவர் காட்டித் தந்தபடியே விரலை விட்டார். நிறுத்தினார். மறுபடி தொட்டார்.

"அம்மா, இது கல்லு மாதிரி இருக்கே."

வார்டம்மா கையை வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை.

"வழியில ஏதாவது கொத்தியிருக்குமோ?" என்றார் ஆய்வாளர். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், ஒன்பதும் பிழைத்துவிடும். நான் வார்டம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கூடையைப் பார்த்தேன்.

"இல்ல," என்றார். "இது நேத்து தின்னது. அடைச்சுக்கிட்டிருக்கு. காலையில நான் தொடல. தொடாமயே டிக் போட்டுட்டேன். எழுதுங்க. ஏழாம் நம்பர் நோய். மூணாம் நம்பர் நோய் இல்ல. மத்த ஏழு கோழியையும் வந்து தொட்டுப் பாத்து எழுதுங்க. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு எழுதினா கோழி மறுபடியும் இந்த மேஜைக்குத்தான் வரும்."

ஆய்வாளர் எழுதினார். பழைய தாளை ரத்து செய்து, சனிக்கிழமை நேரில் வருவதாகக் கையெழுத்தும் போட்டார். அலுவலகத்தின் கால்நடை டாக்டர் பதினோரு மணிக்கு வந்தார். கோழி, கூண்டுக் கதவுக் கயிற்றின் நாரைத் தின்றிருக்க வேண்டும் என்று சொல்லி, எப்படி நீவிவிடுவது என்று காட்டினார். தனியாக வைத்து இரண்டு நாள் தண்ணீர் மட்டும், கரையாவிட்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வார்டம்மா ஏழாம் நம்பர் சார்ட்டைக் கழற்றினார். அன்றைய டிக்கை அழிப்பார் என்று நினைத்தேன். பென்சிலை எச்சில் தொட்டு, பக்கத்திலேயே அழுத்தி எழுதினார்: தொடாமல் போட்டது.

வீட்டுக்காரர் எட்டிப் படித்தார். "என்னம்மா, உனக்கு நீயே நோட்டீஸ் ஒட்டிக்கிட்டியா?"

வார்டம்மா சிரிக்கவில்லை. கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து, ஏழாம் நம்பரை மடியில் கிடத்தி, கட்டைவிரலால் மெதுவாக நீவத் தொடங்கினார்.

"பேசிட்டு நிக்காதீங்க. மத்ததை ஒவ்வொண்ணா பிடிச்சுக் குடுங்க. காலையில பாத்தது செல்லாது."