ஷெரின் பெயருக்குக் கீழே வெறுமையாய் விட்ட பக்கம்

மே மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேற நாங்கள் கேட்டிருந்த அனுமதி மறுக்கப்பட்டது என்று இரண்டாவது வரியில் இருந்தது. விண்ணப்பத்தில் உண்மைக்கு மாறான தகவல் தரப்பட்டிருக்கிறது என்று நான்காவது வரியில் இருந்தது. பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அன்றைய பக்கத்தில் அந்த நேரத்தை மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அன்று எனக்கு வேலை இல்லை. மறைமலைநகரில் பதினான்கு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்த வேலையை விட்டிருந்தேன். என் மனைவி பியூலா ஆசிரியை வேலையை விட்டிருந்தாள். இராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்த சொந்த வீட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டுவிட்டு, கூடுவாஞ்சேரியில் இரண்டு அறைகளில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருந்தோம். மூலையில் எங்கள் ஒரே மகள் ஷெரின் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மே மாத வெயிலில். கழற்றப் போனால் கையைக் கடித்துக்கொள்வாள்.

சபையில் எழுந்து நின்று இந்தச் சாட்சியைச் சொன்னபோது என் குரல் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எதையும் மறைக்காமல் எழுத ஆண்டவர் துணை செய்யட்டும்.

ஷெரினுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஆட்டிசம். சேலையூரில் ஒரு சிறப்புப் பயிற்சி மையத்துக்கு நான்கு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள்தான். அங்கே சுவரில் ஒரு பலகை உண்டு. இடது பக்கம் வீட்டின் படம், வலது பக்கம் பள்ளியின் படம். காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் புகைப்படத்தை வீட்டுப் பக்கத்திலிருந்து எடுத்துப் பள்ளிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ‘வந்தாச்சு’ என்று சொல்ல வேண்டும். பேச முடியாதவர்களுக்காக மகேஸ்வரி மிஸ் சொல்வார். ஷெரினுக்காக மூன்று ஆண்டுகள் அவர்தான் சொன்னார். நான்காம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் ஷெரின் தானே சொன்னாள். நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய சொற்களைத் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். முதல் சொல் ‘தண்ணி’. ஆறாவது ‘வந்தாச்சு’. மொத்தம் இருபத்து மூன்று.

நவம்பரில் எனக்கு வெளிநாட்டு வேலை உறுதியானது. நாட்டின் பெயரை எழுதவில்லை. அங்கே நம் ஆட்கள் எத்தனையோ பேர் நன்றாக வாழ்கிறார்கள். குறை அந்த நாட்டில் இல்லை.

கல்லூரி நண்பன் ராஜன் அங்கே இருக்கிறான். அவனிடம் எல்லாவற்றையும் கேட்டேன். வாடகை, முன்பணம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஆகும் செலவு, பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, கார் இல்லாமல் முடியுமா, அரிசி, பருப்பு, பனிக்காலச் செருப்பு. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்.

“மச்சான், கொத்தமல்லி வெல வரைக்கும் கேக்குற. குடும்பத்தோட வரியா, இங்க காய்கறி கட போட வரியா?” என்று சிரித்தான். பிறகு சொன்னான். “விளையாட்டு இல்லடா. இங்க ஒரு சம்பளத்துல ஓடாது. ரெண்டு பேரும் வேலைக்குப் போகணும். அப்ப ஷெரின யார் பாத்துப்பா? அத மட்டும் நீ கேக்கவே இல்ல.”

அன்று ஒரு பக்கத்தின் மேலே ‘ஷெரின்’ என்று எழுதினேன். கீழே எதுவும் எழுதவில்லை. எழுதினால் பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பியூலா வேலைக்குப் போக முடியாது. அவள் போகாவிட்டால் வாடகை கட்ட முடியாது. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் விமானத்தில் எவ்வளவு எடை கொண்டுபோகலாம் என்று எழுதினேன்.

ஜனவரி இரண்டாம் வாரம், புதன்கிழமை, மேற்குத் தாம்பரத்தில் ஏஜென்ட் அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்பினோம். குடும்பத்தில் யாருக்காவது சிறப்புக் கல்வியோ தொடர் சிகிச்சையோ தேவையா என்று ஒரு கேள்வி இருந்தது.

“இல்லன்னு டிக் பண்ணுங்க சார்” என்றார் ஏஜென்ட். “கொழந்த கொஞ்சம் லேட்டா பேசுது, அவ்ளோதான். ஆமான்னு போட்டீங்கன்னா பைல அங்கயே மூடிடுவாங்க.”

அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். பியூலாவிடம் சொல்லவில்லை. அன்றைய நாட்குறிப்பில் ‘விண்ணப்பம் முடிந்தது, ஸ்தோத்திரம்’ என்று எழுதியிருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. ஷெரின் சாதாரணப் பள்ளியில் படிக்க முடியும் என்று ஒரு கடிதம் கேட்டு மகேஸ்வரி மிஸ்ஸிடம் போனேன்.

“அப்படி எழுத மாட்டேன் சார்” என்றார்.

“பிள்ளையோட எதிர்காலத்துக்காகக் கேக்குறேன் மிஸ்.”

“புது ஊர்ல அவளுக்கு வயிறு வலிச்சா யார்கிட்ட, எப்படிச் சொல்லுவா? அத யோசிச்சீங்களா சார்?”

“ஒரு பீஸ் கொறஞ்சுடும்னு பேசறீங்க” என்றேன்.

நான் ஷெரினின் பையை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வாசல்வரை அவள் திரும்பிப் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதன் பிறகு அவளை அங்கே அனுப்பவில்லை.

பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சபையில் எங்களுக்கு வழியனுப்பு ஜெபம் நடந்தது. அனுமதி இன்னும் வரவில்லை. வந்துவிடும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பெண்கள் ஐக்கியத்தார் கையால் பின்னிய கம்பளித் தொப்பியை ஷெரினுக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஒலிபெருக்கியைப் பிடித்து, கர்த்தர் கதவைத் திறந்தார் என்று சாட்சி சொன்னேன். பொய்யாக ஒரு கட்டத்தில் குறியிட்ட அதே கை.

ஏப்ரலில் அந்த அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனை. டாக்டர் ஷெரினைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பள்ளி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பியூலா மையத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் கோபப்பட்டேன். அப்போதுதான் அந்தக் கட்டத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

அவள் ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “கொத்தமல்லி வெல கேட்டீங்க. செருப்பு வெல கேட்டீங்க. பெத்த பிள்ளைய மட்டும் இல்லன்னு எழுதிட்டீங்க” என்றாள்.

மின்னஞ்சல் வந்த பிறகு நாங்கள் ஒளிந்து வாழ்ந்தோம். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சபைக்குப் போகவில்லை. போதகரின் அழைப்பை எடுக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டோம் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது. சபை வாலிபர் சங்கத்துத் தம்பி.

“இன்னாண்ணா, பாரின்லயும் முருங்கக்கா நல்லா கீதா?” என்றான்.

சிரித்தேன். முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது வேறு. ஷெரினின் சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் ‘மிஸ்’ போனது. பிறகு ‘பஸ்’, ‘ஊஞ்சல்’. ‘அப்பா’ ஜூன் மாதத்தின் இரண்டாம் வாரத்தோடு நின்றது. சொல் வந்த தேதிக்கு எதிரே, அதைக் கடைசியாகக் கேட்ட தேதியையும் எழுதினேன். ஜூலை முடிவதற்குள் இருபத்து மூன்றுக்கும் எதிரே தேதி விழுந்துவிட்டது. கடைசியாகப் போனது ‘தண்ணி’. தாகம் எடுத்தால் சுவரில் தலையை முட்டினாள்.

அவளைத் திரும்ப மையத்தில் சேர்க்கலாம் என்று பியூலா சொன்னாள். எந்த முகத்தோடு போவது? எங்கள் இடம் இந்நேரம் வேறு பிள்ளைக்குப் போயிருக்கும். ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் திறக்கவில்லை. சிறு வயதிலிருந்து எவ்வளவோ வாசித்திருக்கிறேன், விசுவாசம் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்த ஜூலையில் எனக்குள் ஒன்றுமே இல்லை. ஆண்டவர் கேட்கமாட்டார் என்று நினைக்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்றுதான் பயந்தேன்.

ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை வேலை கேட்டு ஓர் இடத்துக்குப் போனேன். இல்லை என்றார்கள். தாம்பரம் ரயில் நிலையத்தில் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வண்டி வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மூன்றாவது வண்டியும் போன பிறகு பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்தேன். ஜனவரியின் அந்தப் புதன்கிழமையைத் தேடி எடுத்து, ‘விண்ணப்பம் முடிந்தது, ஸ்தோத்திரம்’ என்பதை அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: ‘என் மகளை இல்லை என்று எழுதினேன்.’ பக்கத்தில் நேரம் குறித்தேன். பகல் பன்னிரண்டு பத்து.

பிறகு ஜெபித்தேன். முழங்காலிட இடமில்லை. பக்கத்தில் ஒருவர் மாம்பழச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். “ஆண்டவரே, நாடு வேண்டாம். வீடு வேண்டாம். நான் வெட்கப்பட்டால் பரவாயில்லை. அவளுக்கு ஒரே ஒரு சொல்லைத் திருப்பிக் கொடும்.” அவ்வளவுதான். அழுதேன். மாம்பழச் சாறு குடித்தவர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.

நேராக மையத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்பது என்று எழுந்தபோது பியூலாவின் அழைப்பு வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“மகேஸ்வரி மிஸ் போன் பண்ணாங்க” என்றாள். “நம்ம பாரின்ல இருக்கோம்னு நெனச்சுக்கிட்டுப் பேசறாங்க. ஷெரின் போட்டோ இன்னும் அந்த போர்டுல, வீட்டுப் பக்கம் அப்படியே இருக்காம். மிஸ் எடுத்தா அவ கிளாஸ் பையன் கார்த்திக் விடமாட்டேங்கறானாம், திரும்பக் கொண்டுபோய் ஒட்டிடறானாம். வர்ற திங்கக்கிழமை புதுப் பிள்ளை சேருதாம். எடுக்கறதுக்கு முன்னால ஷெரின் அங்க நல்லா இருக்காளான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு பண்ணாங்களாம். நான் எல்லாத்தையும் சொல்லிட்டேங்க.”

“என்ன சொன்னாங்க?”

“நாளைக்குக் கூட்டிட்டு வாங்கன்னாங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். மகேஸ்வரி மிஸ் அழைத்த நேரம் பன்னிரண்டு பதினேழு. என் நாட்குறிப்பில் பன்னிரண்டு பத்து. இடையில் ஏழு நிமிடம். தற்செயல் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்த ஏழு நிமிடத்தில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் புதன்கிழமை. வகுப்பு வாசலில் நின்று, “அன்னைக்கு நான் பேசினது தப்பு மிஸ்” என்றேன். எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் வரவில்லை.

“அத விடுங்க சார்” என்றார். “புதுப் பிள்ளைய நிறுத்த முடியாது. அவங்க ரெண்டு வருஷமா காத்திருக்காங்க. ஒம்போதாவது சேர் போட்டுக்கலாமான்னு மேல பேசிட்டேன். சரின்னுட்டாங்க.”

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷெரின் என் கையை விட்டுவிட்டாள். கம்பளித் தொப்பியோடு நேராகப் பலகைக்குப் போனாள். வீட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு புகைப்படம்தான் மீதி இருந்தது. ஓரங்கள் மடங்கியிருந்தன. அதை எடுத்தாள். பள்ளிப் பக்கத்தில் ஒட்டினாள். உள்ளங்கையால் அழுத்தினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

“வந்தாச்சு” என்றாள்.

கார்த்திக் கை தட்டினான். பியூலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஷெரின் தொப்பியைக் கழற்றித் தன் நாற்காலியில் வைத்தாள்.

ஒரே ஒரு சொல் கேட்டேன். அவர் ஒரே ஒரு சொல் கொடுத்தார்.

மற்றவை எல்லாம் சரியாகிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். பழைய சம்பளத்தில் பாதிக்கு ஒப்பந்த வேலை பார்க்கிறேன். வீட்டு ஒப்பந்தம் முடியும்வரை கூடுவாஞ்சேரிதான். இருபத்து மூன்று சொற்களில் ஒன்பது திரும்பியிருக்கின்றன. ‘அப்பா’ இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருக்கிறேன். அவசரப்படுத்தவில்லை. போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி, சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். வெளியே வரும்போது வாலிபர் சங்கத்துத் தம்பி என் கையில் ஒரு பையைத் திணித்தான். உள்ளே முருங்கைக்காய். “அன்னைக்கு நீங்க வுட்டுட்டுப் போனதுண்ணா” என்றான்.

வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் சகோதரரே, சகோதரியே, போக வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வாடகையைக் கேளுங்கள், குளிரைக் கேளுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் பலவீனமான ஒருவர் இருந்தால் அவர் பெயரில்தான் முதல் பக்கத்தை எழுதுங்கள். எழுதத் தைரியம் வராவிட்டால் அந்த வெறும் பக்கத்தை அப்படியே ஆண்டவருக்கு முன்பாகத் திறந்து வையுங்கள். நான் கடைசியாகத்தான் திறந்தேன். அதுவரை அவர் என் மகளின் படத்தை எடுக்கவிடாமல் வைத்திருந்தார்.