முத்திரை இல்லாத பை

ஃபுட்பால் கோச் டாலிவர் கார்வின் ஊரை விட்டுப் போனது நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு. வயல்களுக்கு மருந்தடிக்கும் விமானங்கள் இறங்கும் சின்ன ஓடுதளத்திலிருந்து, எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஒரு வெள்ளை விமானத்தில் ஏறிப் போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர் நின்று பார்த்தார்கள். சர்ச்சுக்குக் கிளம்பியவர்கள் அதே உடுப்போடு வந்திருந்தார்கள். ஒருவரும் கையசைக்கவில்லை. தன் வீட்டிலிருந்து கேக் செய்து அனுப்பிய கண்ணாடித் தட்டு கோச் வீட்டிலேயே தங்கிவிட்டது என்று ஒரு பெண்மணி மட்டும் பக்கத்தில் நின்றவரிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வெர்லீன் டக்கெட், கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முந்தைய நாள் ஆட்டத்தின் சட்டைகளை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தாள். புல்கறைக்கு ஒரு மருந்து, ரத்தத்துக்கு வேறொன்று. மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஆட்டக்காரப் பையன்கள் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் செல்போனில் மூன்று வரிச் செய்தி வந்திருந்தது. நேரில் சொல்ல முடியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும், உங்களை நேசிக்கிறேன், தலை நிமிர்ந்து நில்லுங்கள். அவ்வளவுதான். பெருத்த உடம்புக்காரப் பையன் ஒருவன் படியிறங்கி வந்து, துவைத்த துண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கி, அதில் முகத்தை அழுத்திக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். வெர்லீன் அவனைப் பார்க்காத மாதிரி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் அந்த அறைக்கு வந்தபோது வயது இருபத்து நான்கு. துண்டு மடிக்க வந்தவள். இப்போது ஐம்பத்தெட்டு. ஹெல்மெட், தோள்கவசம், காலணி, சட்டை எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. அந்த மாநிலத்தில் இந்த வேலையில் தலைமை இடத்துக்கு வந்த பெண்கள் வேறு யாரும் கிடையாது. பையன்கள், கோச்சுகள், தோட்டக்காரர் எல்லோருக்கும் அவள் 'மிஸ் வெர்லீன்'.

ஒரு ஃபுட்பால் கட்டடத்தில் எந்தச் செய்தியும் முதலில் வந்து சேருவது சாமான் அறைக்குத்தான். ஹெல்மெட்டுக்குள் கூடுதல் மெத்தை கேட்டால் அந்தப் பையனுக்குத் தலையில் அடி. காலணியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் முழங்கால் போகப்போகிறது. புதிய கோச் வருவதும் அப்படித்தான் தெரியும். பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவர் கல்லூரித் தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வது வழக்கம். அது தலையில் சரியாக உட்கார வேண்டும் என்பதால் ஆளின் பெயரை ஊர் கேள்விப்படுவதற்கு முன்பே தலையின் அளவு வெர்லீனுக்கு வந்துவிடும். இப்படி நான்கு தலைகள் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தலையும் மாறும்போது கட்டடத்தில் பாதிப்பேர் மாறினார்கள், ஏனென்றால் வருகிறவர் தன் ஆட்களோடுதான் வருவார். வெர்லீன் மட்டும் நான்கு முறையும் தப்பித்தாள். கண்ணால் பார்த்ததை வாயால் சொல்லாத பொம்பளை என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தது.

கோச் கிளம்பியதற்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை மதியம், அவரே கீழே இறங்கி வந்தார். ஒரு பை வேண்டும் என்றார். வெர்லீன் அலமாரியைக் காட்டினாள். எல்லாப் பையிலும் கல்லூரியின் சிவப்பு நரி முத்திரை இருந்தது.

"நரி இல்லாம ஒண்ணு இருக்குமா மிஸ் வெர்லீன்?"

ஒன்பது வருஷம் நரி போட்ட பனியனைத் தவிர வேறெதுவும் உடுத்திப் பார்த்திராத மனிதர். நரி வேண்டாம் என்கிறார் என்றால் நரி இல்லாத இடத்துக்குப் போகிறார் என்று அர்த்தம். பையன்களிடம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானே சொல்லப்போவதாகவும், அதுவரை ஒருவருக்கும் தெரியக் கூடாதென்றும் அவர் கேட்டுக்கொண்டார். அவள் தலையசைத்தாள். அன்றிரவு வீட்டிலிருந்த ஒரு பழைய பச்சைப் பையை எடுத்துவைத்து, மறுநாள் காலை கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அப்போது உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் அவளுடைய உதவியாள் ரூயல் பிக்கன்ஸ் இருந்தான். ஐம்பத்திரண்டு வயது, பதினாறு வருஷமாக அவளோடு வேலை பார்ப்பவன். பையைப் பார்த்துவிட்டுத் துண்டு மடிப்பதைத் தொடர்ந்தான்.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து ஊர் சாப்பிட உட்காரும் நேரத்தில், ரசிகர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் 'கிழட்டு ஆந்தை' என்ற புனைபெயர்க்காரன் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். ஏழு மணிக்கெல்லாம் கோச் வீட்டு வாசலில் கார்கள் நின்றன. வெள்ளை விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது, எண் என்ன என்று ஆளாளுக்குத் தேடிப் பிடித்தார்கள். அவரை வேலைக்கு எடுத்துக்கொண்ட வேறு கல்லூரிக்காரர்கள் பொறுக்காமல் காலையிலேயே ஆளை அழைத்துப் போனார்கள். சாயங்காலக் கூட்டம் நடக்கவே இல்லை. திருடன் மாதிரி ஓடிப்போனார் என்று பையன்கள் நம்பினார்கள்.

திங்கட்கிழமை விளையாட்டுத் துறைத் தலைவர் ஸ்டாக்டன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மெல்லிய குரல்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் மெலியும். இந்தக் கட்டடத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, புதிய கோச் வருவதற்கு முன் அதை அடைத்தாக வேண்டும் என்றார். முத்திரை இல்லாத பை என்று அந்த ஆந்தை எழுதியிருக்கிறான்.

"அந்தப் பை விஷயம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"கோச்சுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

"கோச் தானே தன்னைக் காட்டிக்குடுத்திருக்க மாட்டார்."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். அதை நேராக்கினார். தன் முப்பத்து நான்கு வருஷ வேலையும் அந்தப் பேனாவுக்குப் பக்கத்தில் கிடக்கிற மாதிரி வெர்லீனுக்குத் தோன்றியது. யார் செய்திருப்பார்கள் என்று இரண்டு நாளாக அவளும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள். கோச்சின் மனைவியைச் சந்தேகித்தாள். ஓடுதளத்துக்காரனைச் சந்தேகித்தாள். சுற்றிச் சுற்றி வந்து ஒரே இடத்தில் நின்றாள். அந்தப் பதினாறு வருஷத்தில் ரூயல் இணையப் பக்கம் படிக்காத மதியச் சாப்பாடு ஒன்றுகூடக் கிடையாது. படிக்கிறவன் எழுத மாட்டானா?

"நான் பையைக் குடுக்கறப்ப ரூயல் அங்கதான் இருந்தான்" என்றாள்.

அது பொய் இல்லை. படியிறங்கும்போது அதையே தனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ரூயலை அனுப்பிவிட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டியில் காபிக் கோப்பை, ஸ்க்ரூடிரைவர், மகளின் போட்டோ. பெட்டியைத் தூக்கிக்கொண்டவன் கதவருகே நின்றான்.

"நீங்க ஏதாவது சொன்னீங்களா பாஸ்?"

"யாரு ரூம்ல இருந்தாங்கன்னு கேட்டாங்க."

ரூயல் பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். மூன்றாம் நம்பர் மெஷின் பெல்ட் இன்னும் ஒரு வாரம்தான் தாங்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். குற்றம் செய்தவன் இவ்வளவு அமைதியாகவா போவான் என்று ஒரு பக்கம் உறுத்தியது. செய்தவன்தான் இவ்வளவு அமைதியாகப் போவான் என்று இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை புதிய கோச் கில்லம் தொப்பி மாட்டிக்கொண்டார். அளவு கச்சிதம்.

வியாழக்கிழமை வேலை முடிந்து பெட்ரோல் போட நின்ற இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஆந்தையின் அறிக்கையை யாரோ அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். கீழே மஞ்சள் பேனாவால் 'தீர்க்கதரிசி' என்று எழுதியிருந்தது. ஸ்டாக்டன் அவளிடம் சொன்னது முதல் வரி மட்டும்தான். அவள் இப்போதுதான் முழுசாகப் படித்தாள். டாலிவர் போகிறார், முத்திரை இல்லாத பை கேட்டு வாங்கியிருக்கிறார், இதுவரை செத்த வாத்துகள் மட்டுமே பயணம் செய்த பையில் ஒரு கோச் முதல்முறையாகப் பயணம் செய்யப்போகிறார் என்று இருந்தது.

வெர்லீனுக்குக் கல்லாக்காரி மீதி நீட்டியது கண்ணில் படவில்லை.

அந்தப் பச்சைப் பை அவள் கணவன் ஹாய்ட் வாத்து வேட்டைக்கு எடுத்துப்போவது. ரூயலுக்கு அது வெறும் பச்சைப் பை. அது வாத்துப்பை என்று தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். முந்தைய வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் அவள் பையைக் கேட்டிருந்தாள். எதற்கு என்றான். கோச்சுக்கு நரி போடாத பை வேண்டுமாம் என்றாள். பாவம், வாத்து நாத்தத்தோட போகட்டும் என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை என்று அவள் நம்பியது மனமறிந்த பொய் அல்ல. புருஷனிடம் பேசுவதை அவள் யாரிடமோ சொல்வதாக என்றைக்கும் நினைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஹாய்ட் கார் நிறுத்தும் கூரையடியில், நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பிளாஸ்டிக் வாத்துகளுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான்.

"கிழட்டு ஆந்தை நீதானே?"

"யார் சொன்னா?"

அவள் அவன் கையிலிருந்த வாத்தைக் காட்டினாள். அவன் தூரிகையைத் தகரக் குவளையில் போட்டான்.

"முப்பத்தொரு வருஷம் கோழித்தீவன லாரி ஓட்டினேன் வெர்லீன். நான் பேசறதை ஒருத்தன் நின்னு கேட்டதில்ல. அங்க நான் ஒரு வரி போட்டா ஆயிரம் பேர் கூடறான்."

"அது நான் சொன்ன வரி."

"நீ பை வேணும்னுதான் சொன்ன. ஆளு போறான்னு நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ரூயல் வேலை போயிருச்சு, தெரியுமா?"

ஹாய்ட் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே தெரியாதவன் முகம்.

"ரூயலா? அவன் பேரை எவன் இழுத்தது?"

வெர்லீன் உள்ளே போய்க் கையைக் கழுவினாள். டாலிவர் இருந்த ஒன்பது வருஷச் சாப்பாட்டு மேசை அவள் கண்முன் வந்தது. இன்னிக்கு எப்படிப் போச்சு என்று அவன் கேட்டது, காது கொடுத்துக் கேட்கிற புருஷன் கிடைத்தானே என்று அவள் உள்ளுக்குள் மகிழ்ந்தது. எந்தக் கேள்வி தனக்காகக் கேட்டது, எது அந்த ஆயிரம் பேருக்காகக் கேட்டது? கால்முட்டி உடைந்த பையனைப் பற்றி, சண்டை போட்டுக்கொண்ட துணைக் கோச்சுகளைப் பற்றி, எதையெல்லாம் கொட்டியிருக்கிறாள்? ஓட்டை அவளேதான். இத்தனை வருஷமும்.

மறுநாள் காலை நேராக மாடிக்கு ஏறினாள். ஸ்டாக்டனிடம் என்ன சொல்வது என்று காரிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். என் வீட்டிலிருந்துதான் போயிற்று, ரூயலைத் திரும்பக் கூப்பிடுங்கள். இரண்டே வாக்கியம். கதவு திறந்திருந்தது. உள்ளே கில்லம் நின்றிருந்தார்.

"வாங்க மிஸ் வெர்லீன்" என்றார் ஸ்டாக்டன். "கோச், நான் சொன்னேனே. ஓட்டை எங்க இருக்குன்னு காட்டினது இவங்கதான்."

கில்லம் கை நீட்டினார். சாமான் அறைக்குத் தன் பழைய ஆளையே கூட்டிவருவதாக இருந்தாராம். இப்போது மனசை மாற்றிக்கொண்டாராம்.

"வாயைக் கட்டற ஆளுங்க கிடைக்கறது கஷ்டம்" என்றார். "நீங்க இருங்க."

வெர்லீன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நன்றி என்றாள். எதற்காக வந்தீர்கள் என்று ஸ்டாக்டன் கேட்டபோது, மூன்றாம் நம்பர் மெஷினுக்கு பெல்ட் வாங்க வேண்டும் என்றாள்.

அதன் பிறகு இரண்டு ஆட்டப் பருவங்கள் ஓடின. வீட்டில் ஹாய்ட் இன்றைக்கு எப்படி என்று கேட்டால், துணி துவைத்தேன் என்பாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. ஆந்தை தானாகவே ஊகித்து எழுதியதெல்லாம் தப்பாகப் போக, இணையத்தில் கிண்டல் செய்தார்கள். அவன் எழுதுவதை நிறுத்தினான். சாப்பாட்டு மேசையில் டிவி வந்து சேர்ந்தது. வேலையிடத்தில் புதிதாக வந்த உதவியாளனை அவள் ஒரு சாமானும் தனியாக எண்ண விடவில்லை. அவன் செல்போனைக் கையில் எடுத்தால் போதும், இவள் பேச்சு நின்றுவிடும். மிஸ் வெர்லீன் ரொம்பக் கண்டிப்பு என்று கில்லம் மெச்சிக்கொண்டார்.

ரூயல் மிசௌரிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள். அவன் எண் அவள் போனில் இருந்தது. எத்தனையோ முறை எடுத்து, ரூயல் என்று தட்டி, பிறகு அழித்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்டால் எழுத்தில் இருக்கும், எழுத்தில் இருப்பது யார் கைக்கும் போகும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்தது.

மூன்றாம் வருஷம் பிப்ரவரியில், ஹெல்மெட்டுகளின் பழைய திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை பகலில், அவள் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"பாஸ், ரூயல் பேசறேன். இங்க மிசௌரில ஒரு சின்ன காலேஜ்ல இருக்கேன். சாமான் ரூமுக்குத் தலைமை இடம் காலியாகுது, என்னைப் போடலாம்னு இருக்காங்க. கார்வின்ல ஏன் அனுப்பினாங்கன்னு கேக்கறாங்க. அந்த ஆந்தை யாருன்னு எனக்கு அந்த வாரமே தெரியும். வாத்துன்னு எழுதினதைப் படிச்சதும், உங்க வீட்டுக்காரர் வேட்டை ஞாபகம் வந்து தெரிஞ்சது. நான் செய்யலைன்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. உங்க நம்பரைக் குடுத்திருக்கேன். நாளைக்குப் பத்து மணிக்கு உங்களைக் கூப்பிடுவாங்க."