பையோடு நட்ட கன்றுகள்

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. பதுளை பஸ் நிலையத்தில் அவரைப் போல ஒரு வழுக்கைத் தலை தெரிந்தாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தின் திட்ட இணைப்பாளர். நான் அவருக்குக் கீழே களப் பணியாளர். ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே ஓர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து குழாயில் இறங்கி வரும் பீலித் தண்ணீரில்தான் லயம் முழுக்கக் குளிக்கிறது, குடிக்கிறது. வெயில் காலத்தில் அது நூலாக இளைத்துவிடும். அம்மா நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு, கேனைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்குவாள். ஊற்றைச் சுற்றிக் காட்டு மரங்கள் வளர்ந்தால் தண்ணீர் நிற்கும் என்று வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் எழுதியது நான். மூன்று தடவை திருத்தி எழுதினேன். நிதி கிடைத்ததும் திட்டப் பெயர்ப்பலகையில் ஏறியது அவர் பெயர். அதுகூடத் தொலையட்டும் என்று விட்டேன்.

ஐப்பசி மழையில் கன்று நட்டோம். அம்மா தோட்டத்து நாற்றுமேடையில் பல வருடம் வேலை பார்த்தவள். கறுப்புப் பொலித்தீன் பையோடு நடச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பையோடவா? வேர் சுருண்டு செத்துப்போகுமேங்க."

"அக்கா, இது புது மாதிரிப் பை. மண்ணுல தானா கரைஞ்சிரும்," என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். "சேர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்," என்றேன். அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும். அம்மா பையோடு நட்டாள். தன் கன்று அடையாளம் தெரியட்டும் என்று பழைய சேலையின் பச்சைக் கரையைக் கிழித்து அதில் கட்டினாள்.

படம் எடுத்தார்கள். மறுவாரம், பூச்சி மருந்து அடிக்க வேண்டும் என்று கன்றுகளையெல்லாம் எடுத்து லொறியில் ஏற்றினார்கள். அதற்கடுத்த வாரம் வேறொரு தோட்டத்து நடுகை விழாவுக்குப் போனேன். அங்கே வரிசையில் மூன்றாவது கன்றில் பச்சைக் கரை ஆடிக்கொண்டிருந்தது.

நேரே அவரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார்.

"ஒரே கன்ன மூணு தோட்டத்துல வச்சுப் படம் எடுத்தா என்ன தங்கச்சி? ஒங்க லயத்து ஆளுங்களுக்கு மரத்த வெட்டி அடுப்புல வைக்கத்தான் தெரியும். வளர்க்கவா போறாங்க?"

எனக்கு உச்சி வரை கொதித்தது. "சரிங்க சேர்," என்று நானும் சிரித்தேன். இருடா மகனே, உன்னை எல்லார் முன்னாலும் நிற்க வைக்கிறேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாம் கட்ட நிதி தருவதற்கு முன் வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். அதற்கு மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதமும் அவருக்குப் பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தேன். "கன்னு எப்பம்மா திரும்பி வரும்?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "வரும், சும்மா இருங்கம்மா," என்றேன். நான் தட்டச்சு செய்து வைப்பதை அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அதனால் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: விருந்தினர் ஒவ்வொரு கன்றுக்கும் மண் கிளறி உரம் வைப்பார்.

வந்தார்கள். கன்றுகளும் முந்தின நாளே லொறியில் திரும்பி வந்து பழைய குழிகளில் நின்றன. வெள்ளைக்கார அம்மாவின் கையில் சின்ன மண்வெட்டியை நானே கொடுத்தேன். மூன்று கொத்து. கறுப்புப் பை வெளியே வந்தது. அடுத்த கன்றிலும் பை, அதற்கடுத்ததிலும் பை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் பொறுங்க, நான் சொல்றேன்," என்று என் காதருகே கெஞ்சினார். நானா பொறுப்பேன்? மூன்று தோட்டத்துக் கதையையும் ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் எடுத்த படங்களையே போனில் காட்டினேன். மூன்றிலும் பச்சைக் கரை. ஆகா, அப்போது என் வயிறு குளிர்ந்த குளிர்ச்சி!

விருந்தினர் போனதும் கடைத்தெருவில் லட்டு வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினேன். அம்மா வீட்டில் இல்லை. ஊற்றடியில் குந்தி, ஒவ்வொரு பையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வேர்கள் சுருண்டு கிடந்தன.

"கன்னு ஊர் சுத்துனது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நட்ட மாசமே."

"அப்ப மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு," என்றாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்களே போய்த் தூக்கிட்டு வந்து பையக் கிழிச்சு நட்டிருப்போம். அவன மாட்டிவிட ஒனக்கு ஒரு மழக்காலம் வேணுமா இருந்துச்சா?"

அவர் வேலை போனது. நிதி நின்று, அலுவலகம் மூடி, என் வேலையும் போனது. அம்மா பை கிழித்து நட்ட கன்றுகள் வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. இந்த வருடமும் பீலியில் நூலாகத்தான் தண்ணீர். அம்மா கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்குகிறாள். நான் கை நீட்டினால் கொடுப்பதில்லை.